ஏறும்போது கேட்ட கேள்வி

ஒன்பது துறைமுகங்களில் சடகோபனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடல் அனுபவம் இல்லாதவனுக்கு மீன்பிடிப் படகில் என்ன வேலை? பத்தாவது இடத்தில் படகோட்டி ததேயு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீச்சல் தெரியுமாடே?"

பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. "தெரியாதுங்க."

"சாரமில்ல, ஏறு."

பதினோராம் நாளுக்குள் வலைக்கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கரையில் விடச் சொல்லி மூன்று முறை கெஞ்சிவிட்டான். ஐஸ் அறை நிறையாமல் படகு திரும்பாது என்றார் ததேயு. "வேணுமெங்கி, திரும்பிப் போற படகுல போ. நான் ஆரையும் பிடிச்சு வைக்கல்ல."

அன்று மத்தியானமே அப்படியொரு படகு வந்தது. அலையில் ஒன்றோடொன்று மோதிவிடும் என்று அது நெருங்காமல் கூப்பிடு தூரத்தில் நின்றது. ஊருக்குப் போகிறவன் குதித்து, நீந்திப்போய் ஏறிக்கொள்வதுதான் வழக்கம். அதிலிருந்து ஒருவன் கையசைத்தான்.

"ஆராவது உண்டா?"

சடகோபன், பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த முத்தையாவின் தோளைத் தொட்டான். மகளுக்குப் பிரசவ நேரம் என்று நேற்றெல்லாம் புலம்பிய மனிதர்.

"அண்ணே, நீங்களாவது போங்க."

முத்தையா தலையைத் தூக்கவில்லை. வலையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற ஆறு பேரும் தூக்கவில்லை.

"ஏறும்போது எங்க எல்லார்கிட்டயும் அதத்தான தம்பி கேட்டாரு."