சிங்கப்பூர் மாப்பிள்ளை

“தை மாசம் கல்யாணம்ட்டி கவியா! முடிஞ்சதும் மூணாறு. அப்புறம் சிங்கப்பூர். அவுகளுக்கு அங்கதான வேலை, பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லியிருக்காவ.”

சங்கரன்கோவிலில் இருக்கும் தோழியிடம் போனில் அளந்துகொண்டிருந்தாள் முத்துச்செல்வி. பென்னலூர் வாடகை அறையில் யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்த உலகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே ஷிஃப்ட். உலகம்மாள் நாலு வயது மூத்தவள் வேறு. அவளுக்கு ஒரு ஜாதகம்கூடப் பொருந்தி வரவில்லை. இவளுக்கு மட்டும் சிங்கப்பூர் மாப்பிள்ளையா?

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேட்டி?”

“சொல்லுதேன்க்கா” என்று நழுவிவிட்டாள் செல்வி.

மறுநாள் செல்வி குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. அவளுடைய அம்மா. உலகம்மாள் எடுத்தாள்.

“ஏம்மா, அங்கிட்டு நல்ல பையன் இருந்தா எம்மகளுக்குப் பாரேன். பாக்க வந்தவுகளும் வேண்டாம்னு போயிட்டாவ. வேற ஒண்ணும் அமையல.”

அப்போ அத்தனையும் புளுகு! முந்தின நாள் இறங்காத சோறு உலகம்மாளுக்கு அன்று நன்றாகவே இறங்கியது.

இதை எப்படிப் போட்டு உடைப்பது என்று அவள் யோசிப்பதற்குள், சாயங்காலம் கவியாவே அவளை அழைத்தாள்.

“அக்கா, செல்விக்குக் கல்யாணம்ங்கிறது நெசமா?”

“ஏன்ட்டி, உனக்குச் சந்தேகமா?” உலகம்மாள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

“அவளைப் பொண்ணு பாக்க வந்தவுக, பக்கத்துல நின்ன என்னைப் பிடிச்சிருக்குன்னுட்டாவக்கா. எனக்கும் அவரைப் பிடிச்சிருக்கு. ஆனா அவளுக்கு அமையாம நான் கட்டமாட்டேன்னுட்டேன். நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்காகப் பொய் சொல்லுதாளோன்னு பயமா இருக்கு. அவ அம்மாகிட்ட கேக்க மூஞ்சி இல்ல. நீங்க சொன்னா நம்புதேன்.”

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். செல்வி பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தனக்காக இப்படிப் பொய் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபடியே அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

“அக்கா?”

“நெசந்தாண்டி. மாப்பிள்ளை இங்க வந்திருந்தாரு, நானே பாத்தேன். கொஞ்சம் கருப்பு, ஆனா நல்ல களை.”

“சிங்கப்பூர் போறதும் நெசமாக்கா?”

“நீ மொதல்ல உன் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லுட்டி. சிங்கப்பூரை நெனச்சா எனக்குல்லா வயிறு எரியுது!”