பதினான்கு நத்தைகள்

பிரிண்டரிலிருந்து வந்த தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது அவளுடைய கணவரின் பெயர்.

புது நத்தை பற்றிய கட்டுரை அது. அடுத்த தாளையும் புரட்டினாள். படங்கள் அவள் எடுத்தவை. அளவுகள் அவள் எடுத்தவை. நத்தையின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் புள்ளி கிள்ளி எதுவும் இல்லை. அவருடைய முழுப்பெயரும் பட்டமும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

அருங்காட்சியகத்தின் சங்கு அறையில் இருவருக்கும் எதிரெதிர் மேசை. அவர் ஆராய்ச்சியாளர், அவள் மணல் பிரிப்பவள். கடலடி மணலைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடி வழியே பார்த்து, மெல்லிய தூரிகையால் சிப்பி வேறு நத்தை வேறு என்று ஒதுக்க வேண்டும். எட்டு வருடத்தில் கழுத்து வலிதான் மிச்சம்.

அப்படித் தேடிக் கிடைத்தவைதான் அந்தப் பதினான்கு நத்தைகள். அரிசி அளவு, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. உயிரோடு இருக்கும்போது தன் சதையையே ஓட்டின்மேல் போர்த்திக்கொள்வதால் ஒரு கீறல்கூட விழாது. பார்க்கத்தான் பரம சாது. பக்கத்தில் ஊரும் குட்டி நத்தைகளைத் தின்றே வயிறு வளர்க்கிற ரகம். இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம் என்று அவரே சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கியிருந்தார்.

போன வாரம்கூட, "உன் சர்ட்டிபிகேட்ல பேரு எப்படி இருக்கு? ஒரு எழுத்துகூடத் தப்பக் கூடாது" என்று கேட்டார். அவளும் பூரித்துப்போய் எழுதிக் கொடுத்தாள். அதெல்லாம் கண்துடைப்புதானா?

வீட்டில் சாப்பிடும்போது வாய்விட்டே கேட்டாள்.

"என்னங்க, கட்டுரை யார் யார் பேர்ல வருது?"

"வந்ததும் பாரேன்." அவர் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

"என் பேரு இருக்குமா இருக்காதா?"

"எதுக்கு இவ்வளவு அவசரம்? சாப்பிடு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். வெளியாள் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். கட்டினவரே செய்த பச்சைத் துரோகத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் அவர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தாள். பதினான்கில் ஏழு நத்தைகளை ஒரு குப்பியில் போட்டு, படங்களோடு சேர்த்துத் தொப்பிக்கு அனுப்பிவிட்டாள். தொப்பி வேறொரு அருங்காட்சியகத்தின் ஆராய்ச்சியாளர். அவள் கணவருக்கு இருபது வருட ஜென்மப் பகை. வெயிலோ மழையோ, தலையை விட்டுத் தொப்பி இறங்காது.

"நியாயம்தாம்மா" என்றார் தொப்பி போனில். "என் பேரோட உங்க பேரையும் கண்டிப்பா போடுறேன். மூணே வாரம். நத்தைக்கு யாரு முதல்ல பேரு வெச்சு அச்சுல கொண்டுவர்றாங்களோ, அந்தப் பேருதான் காலத்துக்கும் நிக்கும். அப்புறம் உங்க வீட்டுக்காரரு தலைகீழா நின்னாலும் மாத்த முடியாது."

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாவது வாரம் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர்: முதலில் தொப்பி, அடுத்து அவள். நத்தைக்குத் தொப்பி தன் மாமியார் பெயரை வைத்திருந்தார். எழுதுகிறவர்கள் தங்கள் பெயரையே சூட்டிக்கொள்வது அந்த உலகத்தில் அநாகரிகம். வீட்டுச் சமாதானத்துக்கு ஆகட்டும் என்று மாமியாரைப் பிடித்துவிட்டார் போல.

அவள் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே கணவரின் மேசைமேல் வைத்தாள். அவர் வந்தார். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"என்ன, கத்தலையா?" என்றாள் அவள். "என் பேரு இருக்கு, பாத்தீங்களா? எட்டு வருஷம் கண்ணு நோக உழைச்சதுக்கு நீங்க குடுக்காததை உங்க எதிரி குடுத்திருக்காரு. கூடவே இருந்து முதுகுல குத்திட்டீங்களே!"

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீயும் சேர்ந்து எழுதினா, நத்தைக்கு எப்படிம்மா உன் பேரை வெக்கிறது?"