வேலி போட ஒரு யோசனை

புல்வெளிக்காக அடித்துக்கொண்டு சலித்துப்போன செம்மறியும் வெள்ளாடும், கம்பிவேலி ஓரம் படுத்திருந்த கிழப் பசுவிடம் போயின.

"உங்க மேய்ச்சக்காட்டை ரெண்டாப் பிரிச்சப்ப நீங்க இருந்தீங்களாமே, அக்கா. எங்களுதையும் பிரிக்கப் போறோம். வேலியை எங்க போட்டா வம்பில்லாம இருக்கும்?" என்று கேட்டது வெள்ளாடு.

"எங்களுக்கும் சரியாத்தான் போட்டாங்க," என்றது பசு. "புல்லை அளந்தாங்க, குட்டையை அளந்தாங்க. கன்னுக்குட்டிங்க எங்க படுத்திருக்குன்னு மட்டும் யாரும் பாக்கலை. நான் தண்ணி குடிக்க இந்தப் பக்கம் வந்திருந்தேன். என் கன்னு அந்தப் பக்கம் தூங்கிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"பால் குடிக்க வந்துச்சு. நடுவுல கம்பி. எவ்வளவு நெருங்கி நின்னாலும் மடி எட்டலை."

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து, "அம்மா!" என்று ஒரு மாடு கத்தியது. நன்றாக வளர்ந்த மாட்டின் தடித்த குரல்.

செம்மறி தயங்கித் தயங்கி, "உங்க புள்ளையா, அக்கா?" என்றது.

"தெரியலையே. அங்க எல்லா மாடும் அப்படித்தான் கூப்பிடுது."

சொல்லிவிட்டுப் பசு சிரமப்பட்டு எழுந்தது. கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் குரலுக்கும் பதில் கொடுத்தது.