வெட்டும் ஒட்டும்

“என் பையன நெனச்சா... பெருமையா இருக்கு.”

திரையில் அப்பா இதைச் சொன்னதும் அக்கா விசும்ப ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த அவள் கணவர், மாமனார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று வாயைப் பிளந்தார்.

படத்தை எடுத்த டைரக்டர் மகன் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமல் என்ன செய்வார்? அந்த வரியை அப்பா சொல்லவே இல்லை.

டைரக்டர் எடிட்டராகத் தொழிலைத் தொடங்கியவர். ஆசை யாரை விட்டது, பிறகு இரண்டு படம் இயக்கினார். முதல் படத்துக்கு அப்பா இடைவேளையிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டாவதை முழுசாகப் பார்த்துவிட்டு, “தியேட்டர்ல சீட்டு நல்லா இருந்துச்சு” என்றார். ஊரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

அப்புறம்தான் ஆவணப்படம். “இங்கே பொய்க்கு இடமே இல்லை” என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டு, அப்பாவையே படமெடுக்கக் கிளம்பினார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதரின் கதை என்று வெளியே சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் இருந்த ஆசை வேறு. கேமராவுக்கு முன்னாலாவது மனுஷர் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட மாட்டாரா?

சொன்னால்தானே! பிரேக்கைப் பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் பேசினார். மகனைப் பற்றிக் கேட்டால், “என் பையன நெனச்சா தூக்கம் வரல. அடுத்த கேள்வி கேளு” என்றார்.

ஒருநாள் பேட்டிக்கு நடுவில் தயாரிப்பாளரிடமிருந்து போன் வர, டைரக்டர் கேமராவை அணைக்க மறந்து வெளியே போய்விட்டார். எடிட்டிங் அறையில் அந்தத் துண்டைப் போட்டபோது, அப்பா சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “இது வேற, இடத்த அடைச்சுக்கிட்டு” என்று அதை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கடைசியில் பழைய தொழில்தான் கைகொடுத்தது. “புது பஸ்ஸெல்லாம் பாக்கப் பெருமையா இருக்கு” என்று அப்பா சொன்னதில் வாலை மட்டும் நறுக்கினார். தூக்கம் வராத வாக்கியத்தின் தலையை எடுத்தார். இரண்டையும் சேர்த்து, ஒட்டு தெரியாமலிருக்க நடுவில் அப்பாவின் கைகளைக் காட்டினார். எந்தக் கொம்பன் எடிட்டர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டிய கையோடு போட்டுப் பார்த்தபோது டைரக்டருக்கே கண் கலங்கிவிட்டது.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல் ஓய்ந்து, கூட்டம் காபி இருக்கும் பக்கமாக நகர்ந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. டைரக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“படம் எப்படிப்பா?”

“நல்லா இருக்கு.” அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “கடைசியா ஒண்ணு சொல்றேனே, அது நீயா ஒட்டவெச்சதுதான?”

“இல்லப்பா... படத்துக்கு ஒரு முடிவு வேணும்ல... நீங்களா சொல்ற மாதிரியும் தெரியல, அதான்...”

“சரி விடு. அதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல.” அப்பா குரலைத் தாழ்த்தினார். “எனக்கு உன் மூஞ்சியப் பாத்து இதெல்லாம் சொல்ல வராது. அன்னிக்கு நீ போன் பேச வெளிய போனப்ப, மனசத் தேத்திக்கிட்டு எல்லாத்தையும் அந்தக் கேமராகிட்டயே சொல்லிட்டேன். அழுதுகூடத் தொலைச்சேன்.”

அப்பா இப்போதும் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. வெறும் திரையைப் பார்த்தபடி, தேர்வு எழுதிய பிள்ளை ரிசல்ட் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏன்டா, அது நல்லா வரலையா?”