சாயாத ஒரு பேர்

மூன்றாவது தடவையும் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியர் பெருமாள்சாமி. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

என் மகள் முத்துச்செல்வி எம்.ஃபில். படிக்கிறாள். எங்கள் கரிசல் காட்டுக் களைச் செடிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் இனி அடுத்த வருஷம்தான். கயத்தாறுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதுவும் கை நழுவிவிடும்.

"அப்படி என்னட்டி தப்பு?" என்று கேட்டேன்.

"செடிகளோட அறிவியல் பேரு ரெண்டு ரெண்டு சொல்லா வரும்ப்பா. அதையெல்லாம் சாய்வெழுத்துல போடணும். அங்கங்க விட்டுப்போயி நிமிந்து கிடக்கு."

களைகொத்தியால் வெட்டி வரப்பில் எறிகிற கோரைக்கும் குப்பைமேனிக்கும் அவ்வளவு மரியாதை. மகளோடு அவர் அறைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட என்னை உட்காரச் சொன்னதில்லை. அதை நான் மறக்கவில்லை.

சொன்னால் மகளுக்குக் கோபம் வரும். மற்ற சாரெல்லாம் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். "இவிய ஒரு வரி விடாம படிக்காவப்பா. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில டிக் அடிச்சு, சின்னதாக் கையெழுத்தும் போடுதாவ."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹரியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அதுவரை ஒவ்வொரு பேராகத் தேடித்தேடிச் சாய்த்திருக்கிறான். அதனால்தான் விட்டுப்போயிருக்கிறது. இந்தத் தடவை எல்லாப் பேரையும் மெஷினுக்கு ஒரே தடவையில் சொல்லிக் கொடுத்துவிட்டான். மேக்ரோவாம். ஒரு பட்டனைத் தட்டினான். மேல்காற்றுக்குச் சோளப்பயிர் சாய்கிற மாதிரி திரையில் பேரெல்லாம் வரிசையாகச் சாய்ந்தது.

"இனி ஒண்ணு தப்பாது அண்ணாச்சி," என்றான்.

கடையில் கூட்டம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வன்னியபெருமாளும் நாக்பூர் வியாபாரிக்கு இங்கிலீஷில் கடிதம் அடிக்க வந்திருந்தார். வடக்கே போகிற கடிதம் என்றால் அவர் இனிஷியல் போட மாட்டார். தகப்பனார் பேரையும் முழுசாகச் சேர்த்து, பூவனநாதன் வன்னியபெருமாள் என்றுதான் போடுவார். இருப்பது ஒரே பிரிண்டர். நடுவில் கரண்ட் வேறு போய் வந்தது. வந்து விழுந்த தாள்களை அடுக்கி, ஹரி ஸ்பைரல் மாட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆய்வேட்டை மடியில் வைத்து நானும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மகள் சிரித்தாள்.

"இங்கிலீசு தெரியாம என்னத்தப்பா பாக்கிய?"

"சாய்ஞ்சிருக்கான்னு பாக்க இங்கிலீசு எதுக்குட்டி?"

வியாழக்கிழமை பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். கூட நானும் போனேன். வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை ரொம்பத் திருத்தமாக இருக்கிறது என்று சொல்லி அவளைப் பாராட்டினார். ஒரே ஒரு பேர்தான் விட்டுப்போயிருக்கிறதாம். சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாராம். அதைச் சரிசெய்து நாளைக் காலையில் கொண்டுவந்தால் கையெழுத்து.

நேரே ஹரி கடைக்குப் போனோம். மெஷின் எப்படி ஒன்றை விடும் என்று முனகிக்கொண்டே ஹரி அந்தப் பக்கத்தைத் திறந்தான். சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தான்.

"அது என்ன களை, தம்பி?" என்று கேட்டேன்.

"களை இல்ல அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி."

நாக்பூர்க் கடிதத்தின் இரண்டாம் பக்கம். அதில் லெட்டர் பேடின் தலைப்பு கிடையாது, வெறும் வெள்ளைத்தாள். அன்றைக்கே அதைக் காணோமென்று முதலாளி சண்டைக்கு வந்து, மறுபடி அடித்து வாங்கிக்கொண்டு போனாராம். மழையில் நமத்துப்போன பெட்டிகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பக்கம் முழுக்க எழுதியிருப்பதாக ஹரி படித்துச் சொன்னான். கடைசியில் பூவனநாதன் வன்னியபெருமாள். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'சாய்வெழுத்து' என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு. அடியில் டிக், சின்னக் கையெழுத்து.

மகள் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தாளை உருவப் போனாள்.

"எடுக்காதட்டி," என்றேன். "நாளைக்கு அவரு நேரா அந்த வட்டத்தத்தான் தேடுவாரு. பக்கத்தக் காணோம்னா, ஏன்னு கேப்பாரு. நீ சொல்லணும். சொன்னபெறகு கையெழுத்துப் போடுவாரா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, முதலாளியச் சாய்ச்சிரு."

ஹரி சாய்த்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதுசாக அடித்து மாட்டினான்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வேறெந்தப் பக்கத்தையும் திருப்பவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து, பேரைப் பார்த்து, தலையை ஆட்டினார். முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, ஆயிரம் வேலைக்கு நடுவுல ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேன். அதோட அருமை உமக்குத் தெரியாது."

தெரியும் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மரத்தடியில் நின்று மகள் அந்தத் தாளை உருவி நாலாக மடித்தாள்.

"அன்னைக்கு நீங்களும் ஒவ்வொரு பக்கமாப் பாத்தீயளேப்பா. இது உங்க கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. இந்த ஒரு பக்கத்துல மட்டும் ஒண்ணுமே சாயலையேன்னு நெனச்சேன்," என்றேன். "அதுக்கு மேல தெரியல. நானும் உங்க சாரு மாதிரிதானட்டி பாத்தேன்."