பாவாயி கரைத்த கூழ்

கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் பாவாயி மடியில் ஒளித்து வைத்திருந்ததை வெளியே எடுத்தாள். யார் கண்ணிலாவது பட்டால் ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். மகன் குடிக்கப் போகிற கூழில் அதைக் கலந்தாள்.

கலந்தது வேறொன்றுமில்லை, முட்டை. கோழிப்பண்ணையில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. விரிசல் விட்ட முட்டைகளை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. நோம்பி முடிகிறவரை ஊரில் எந்த அடுப்பிலும் கறியோ முட்டையோ ஏறாது.

மகன் சின்னண்ணன் நெடுந்தூர ஓட்டக்காரன். விடிந்தால் நாமக்கல் வரை ஓடித் திரும்புவான், பொழுது சாய்ந்தால் மறுபடியும் ஓடுவான். ஓடுகிறவர்களுக்கு ரயில்வேயில் வேலை கொடுக்கிற பந்தயம், நோம்பி முடிந்த கையோடு சேலத்தில் நடக்கப் போகிறது. போன தடவை காய்ச்சலில் கிடந்தான்; அதற்கு முந்தின தடவை நெஞ்சுச்சளி. இந்தத் தடவையும் விட்டால் வயது தாண்டிவிடும்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் தீர்த்தகிரி அப்போதே சொன்னார்.

"ஏனுங்க பாவாயக்கா, இத்தனை தூரம் ஓடற ஒடம்புக்குச் சத்து உள்ள போகோணும். இல்லாட்டி ஓட்டம் ஒடம்பையே தின்னுரும். அப்பறம் ரோட்டுல போற சீக்கெல்லாம் ஊட்டுக்குள்ள வந்து படுத்துக்கும். பட்டணத்துப் பசங்க சத்துப் பவுடரைக் கரைச்சுக் கரைச்சுக் குடிக்கறாங்க. நமக்கு முட்டையை உட்டா வேற என்ன இருக்குது?"

சின்னண்ணன் கேட்டால்தானே. வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மனுக்கு ஒருபொழுது விரதம் இருந்தான். மத்தியானம் ஒருவேளை சோறு, பொழுது சாய்ந்தால் கூழ், அவ்வளவுதான். ஓட்டத்தை மட்டும் ஓர் அடிகூடக் குறைக்கவில்லை. ஒட்டிப்போன கன்னத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பெற்றவள் இந்தக் காரியத்தில் இறங்கினாள்.

வாசம் தெரியாமலிருக்க மோரை ஊற்றிக் கடைந்து, சின்ன வெங்காயத்தையும் அரிந்து போட்டுப் போசியை நீட்டுவாள்.

"உள்ள புழுக்கமா இருக்குதுங்க ஆத்தா. வெளிய மாட்டுக் கட்டுத்தறிகிட்ட உக்காந்து குடிச்சுக்கறேனுங்க," என்று வாங்கிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது போசி நக்கி எடுத்ததுபோல் இருக்கும். பாவாயிக்குத் தானே குடித்ததுபோல் வயிறு நிறைந்துவிடும்.

ஒரு நாள் அந்த வழியாக வந்த வாத்தியார், ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்க நின்ற சின்னண்ணனையும், அவனோடு தினமும் ஓடுகிற ஜிம்மி நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டா, நீ வத்திக்கிட்டே போற. இவன் என்னடான்னா எண்ணெய் தடவுன மாதிரி பளபளன்னு நிக்கறான். ரயில்வேக்கு இவனையே அனுப்பிரலாமாட்ட இருக்குதே!"

"அனுப்புங்க சார். இவனுக்கு டிக்கெட்டும் எடுக்க வேண்டியதில்லை."

பாவாயியும் சேர்ந்து சிரித்தாள். அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நோம்பி முடிந்தது. பந்தயத்தன்று விடியற்காலையில் மகனைக் கூட்டிப்போக வாத்தியார் வந்தபோது, வாசற்படிக்கு மேலே வேப்பிலைக் கொத்து தொங்கியது. பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றார்.

"ராத்திரி புடிச்சுக் காய்ச்சல் அனலாட்டம் அடிச்சுதுங்க சார். விடியறதுக்குள்ள மூஞ்சியெல்லாம் முத்துப் போட்டிருச்சு," என்றாள் பாவாயி.

"எந்திரிச்சு நிக்கவாச்சும் முடியுமா?"

"தண்ணி குடிக்கவே தலையத் தூக்க முடியலீங்க."

சேலம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அது வளைவில் மறைகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜிம்மி மட்டும் ஓட்டத்துக்குப் புறப்பட்டு வந்து, சைக்கிளுக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"வவுத்தைக் காயப்போட்டுட்டு ஓடாதடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் வாத்தியார். "சரி, ஆனது ஆச்சு. ஆளையாவது தேத்தோணும். தலைக்குத் தண்ணி ஊத்துனதும் பாலு, முட்டைன்னு குடுங்கக்கா. நெஞ்சுல வேற சளி எறங்கிரப் போகுது."

முட்டை என்றதும் பாவாயி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் பொத்தியும் அழுகை அடங்கவில்லை.

"அந்தப் பேச்சே வேண்டாமுங்க சார். அதனாலதானுங்க இந்தக் கதி. கம்பம் நட்ட நாள்ல இருந்து அவனுக்குத் தெரியாம நாந்தான் கூழுல முட்டையைக் கலந்து குடுத்தேன். மாரியாயி பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கறா. விரதம் புடிச்ச புள்ளை வாயில நானே தீட்டை ஊத்திட்டேன். எம் மவன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டவ நாந்தானுங்க."

"முட்டையால அம்மை வருமாக்கா? அது..."

"வந்துருச்சே, பாக்கறீங்களே. இனி எந்த டாக்டரு வந்து சொன்னாலும் சரி, எம் புள்ளை வாயில முட்டை படாதுங்க."

உள்ளே வேப்பிலைப் படுக்கையில் இருந்து நீளமாக ஓர் இருமல் கேட்டது. அது ஓய்ந்த பிறகு, சின்னண்ணனின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"அழுவாதீங்க ஆத்தா. மொத நாளே எனக்கு வாசம் தெரிஞ்சிருச்சுங்க. சொன்னா நீங்க மனசு ஒடைஞ்சு போயிருவீங்கன்னுதான் சொல்லலை."

பாவாயி முந்தானையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தனை கூழையும் ஜிம்மிதானுங்க குடிச்சுது."