முப்பத்தாறாவது தக்கை

தூண்டில் தக்கையின் அடியில் ஈயக்குண்டைக் கட்டி, வாளித் தண்ணீரில் மெதுவாக விட்டார் நாகநாதன். சிவப்புத் தலை வெளியே நிற்க வேண்டும். முழுசாக மூழ்கிவிட்டது.

"இதுவும் போச்சா?" என்றாள் மனைவி முருகேஸ்வரி.

"முப்பத்தாறு போச்சு. தலை நிக்கிற தக்கையை என் கையால செய்யாம தூண்டிலைத் தொடமாட்டேன்."

திருவாடானை வயல்காட்டில் பிறந்தவர், கடலோர ஊரான மண்டபத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் முள்முருங்கைக் கட்டையும் கத்தியுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"தூக்கிப் போடாதீக. குடுங்க, அடுப்புக்காவது ஆகும்."

மத்தியானம் கிழங்கான் குழம்பு மணத்தது.

"மீனு இம்புட்டுப் புதுசா எங்கன கெடைக்கிது?"

"படகுத்துறையிலதான்" என்றாள்.

அடுத்த ஞாயிறு, முப்பத்தேழாவது தக்கை வாளியில் தலை நிமிர்ந்து நின்றது. மீன் வாங்கப் போன மனைவியிடம் காட்டியே தீருவது என்று படகுத்துறைக்கு ஓடினார்.

அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த முருகேஸ்வரியின் கையில் தூண்டில் இருந்தது. பக்கத்துக் கூடையில் நாலு கிழங்கான் துள்ளிக்கொண்டிருந்தன. கடலில், சிவப்புத் தலையை நிமிர்த்தி நின்றது அவர் கழித்துப்போட்ட முப்பத்தாறாவது தக்கை.

வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏ, இது மூழ்குன தக்கையில்ல?"

"நீங்க குழாத் தண்ணியில விட்டுப் பாத்தீக" என்றாள், தக்கை மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "மீனு உப்புத் தண்ணியிலல்ல கெடக்கு!"